நகராத புள்ளி

புள்ளி நகரவே இல்லை.

கண்ணாடிக்கடைக்காரர் செல்போனை மேஜை ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தார். எதிரே நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரி தெரியுதா?"

"அதை ரெண்டு தடவை படிச்சிட்டேன் சார். நீங்கதான் போனையே பார்த்துட்டு இருக்கீங்க."

"மன்னிச்சுக்கோங்க. எங்கம்மா பாதயாத்திரை போயிருக்காங்க. தன்னந்தனியா."

"வயசானவங்களைத் தனியா அனுப்பலாமா சார்?"

பார்த்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விதான். அவரும் கெஞ்சிப் பார்த்துவிட்டார். அம்மா மசியவில்லை.

"கூட்டத்தோட போனா வாய்தான் நடக்கும், கால் நடக்காது. நான் தனியாத்தான் போவேன்."

சரி, போவதென்று ஆனபிறகு ஏற்பாட்டில் குறை வைக்கக்கூடாது என்று வரைபடமும் கையுமாக உட்கார்ந்தார். மலைமேல் போகிற குறுக்குப்பாதை வேண்டவே வேண்டாம். சுற்று என்றாலும் தார் ரோடுதான். ஒவ்வொரு நாளும் எங்கே தங்கவேண்டும் என்று முடிவு செய்து, அந்தந்த விடுதிக்கு அவரே பேசினார். மாடி கூடாது, குளியலறைக்குப் பக்கத்தில் கட்டில் வேண்டும் என்று சொல்லிவைத்தார்.

கிளம்புகிற அன்று அம்மாவின் கழுத்தில் ஒரு டிராக்கரை மாட்டிவிட்டார். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அம்மா எங்கே இருக்கிறாள் என்பதை இவர் போனில் சிவப்புப் புள்ளியாகக் காட்டும்.

"மாட்டுக்கு மணி கட்டற மாதிரி கட்டறியேடா" என்று சிரித்தாள் அம்மா.

அந்தப் புள்ளிதான் மத்தியானத்திலிருந்து ஒரே இடத்தில் நிற்கிறது. அதுவும் தார் ரோட்டில் இல்லை. வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்ட அந்த மலைப்பாதையில்.

கல்லாவிலிருந்து மனைவி எழுந்து வந்தாள்.

"என்னங்க, அத்தை போனை எடுத்தாங்களா?"

"சுவிட்ச் ஆஃப்."

"விடுதியில கேட்டீங்களா?"

"இன்னும் வந்து சேரலையாம். அங்க மழை பிடிச்சு ஊத்துதாம்."

"எங்கேயாவது ஒதுங்கி உட்கார்ந்திருப்பாங்க."

"இவ்வளவு நேரமா?" அவர் மறுபடி போனைப் பார்த்தார். "எல்லாம் பிடிவாதம். அந்தப் பக்கம் போகாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வேணும்னே போயிருக்கா. பெத்த பிள்ளையை இப்படித் தவிக்க விடறதுதான் பக்தியா?"

வாடிக்கையாளர் மெதுவாக எழுந்தார். "நான் நாளைக்கு வரேன் சார். நீங்க முதல்ல ஆள் அனுப்பித் தேடச் சொல்லுங்க."

அதன்பிறகுதான் அவருக்கு உறைத்தது. மலையில் மாட்டிக்கொண்டவர்களை மீட்கிற குழுவின் எண்ணைத் தேடிப் பிடித்து, புள்ளி நிற்கும் இடத்தைச் சொன்னார்.

மனைவி கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினாள். அவர் ஒரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ஃபிரேமில் இன்னும் லென்ஸே மாட்டவில்லை.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் போன் அடித்தது.

"சார், நீங்க சொன்ன இடத்துக்கு வந்துட்டோம். ஆள் கிடைச்சாச்சு. உயிர் இருக்கு."

"அம்மாகிட்ட குடுங்க!"

"அம்மா இல்லை சார். வயசான ஒரு ஆள். வழுக்கி விழுந்து கால் உடைஞ்சு கிடக்கார். டிராக்கர் அவர் கழுத்துல இருக்கு."

அவர் மேஜையில் ஓங்கி அடித்தார்.

"எங்கம்மா கழுத்துல நான் மாட்டினது சார் அது! திருட்டுப் பய! அம்மாவை என்ன பண்ணினான்னு கேளுங்க!"

"கேட்டோம். குளிர்ல நாக்கு குழறுது. 'தேடி வந்துட்டாங்களா'ன்னு மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்றார்."

"அவனைத் தப்பிச்சுப் போக விட்டுடாதீங்க!"

"கால் உடைஞ்ச மனுஷன் எங்க சார் போவார்?"

"போலீசைக் கூப்பிடு" என்று மனைவியைப் பார்த்துக் கத்தினார். அவள் கடை போனில் கை வைக்கும்போதே அது மணியடித்தது. எடுத்தவள், "அத்தை!" என்று அலறி அவரிடம் நீட்டினாள்.

"கண்ணா, விடுதி போன்லேருந்து பேசறேன். இப்பதான் வந்து சேர்ந்தேன். நீ சொன்ன தார் ரோட்டுலயேதான் வந்தேன். செருப்பு கடிச்சிடுச்சு, அதான் லேட்டு."

அவர் எதிரே இருந்த காலி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உன் போனை ஏம்மா அணைச்சு வெச்சே?"

"நீ மணிக்கு ஒரு தரம் கூப்பிட்டா, நான் சாமியை எப்போடா கூப்பிடறது?"

"அம்மா, உன் டிராக்கரை ஒருத்தன் திருடிட்டான். மலைப்பாதையில..."

"யாரு, அந்தப் பெரியவரா? கண்டுபிடிச்சாச்சா அவரை? ரெண்டு பாதையும் இங்கேதான் சேருது, ஆளை இன்னும் காணோமேன்னு வாசலையே பார்த்துட்டு நிக்கறேன். திருடலைடா. காலையில பாதை பிரியற இடத்துல நான்தான் மாட்டிவிட்டேன்."

"எதுக்கும்மா?"

"தனியா மலைப்பாதையில போறேன்னார். 'உங்களைக் காணோம்னா தேட யார் இருக்கா?'ன்னு கேட்டேன். யாரும் இல்லைன்னு சிரிச்சார்டா. நீதான் தினமும் என்னைத் தேடறியே கண்ணா... அதுல ஒரு நாளை அவருக்குக் குடுத்தேன்."