காட்டெருமைக்கு ஏற்ற அம்பு

லண்டன் கிங்ஸ்பரியில் வில்லும் அம்பும் விற்கும் சஞ்சயனின் கடைக்கு வருகிற ஆண்களுக்கு எல்லாமே தெரியும், சொன்னால் கேட்கமாட்டார்கள். பல் வைத்தியர் பாலாம்பிகையோ, அவன் சொன்னதை எல்லாம் கொப்பியில் குறித்துக்கொண்டார்.

"ஆபிரிக்காவிலை காட்டெருமை வேட்டை எண்டால் கனமான அம்புதான் சரி, அக்கா. முனையும் தடிப்பாய் இருக்கவேணும். விலா எலும்பை உடைச்சுக்கொண்டு நெஞ்சுக்குள்ளை இறங்கும்."

"லேசான அம்பு?"

"வேகமாய்ப் போகும். ஆனால் எலும்பிலை பட்டு நிண்டிடும். காயப்பட்ட எருமை ஓடாது, எய்த ஆளைத் தேடி வரும்."

"வந்தால்?"

"மிதிச்சுக் கொல்லுமட்டும் விடாது."

பாலாம்பிகை அதை எழுதி அடிக்கோடிட்டார். பிறகு கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். "அந்த லேசானதிலை ஒரு டசின் தாங்கோ."

சஞ்சயனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இவ்வளவு சொல்லியுமோ? உங்களுக்கு உயிரிலை ஆசையில்லையோ அக்கா?"

"ஏன் இல்லாமல்?" கார்டை நீட்டினார் பாலாம்பிகை. "வேட்டைக்குப் போறது என்ரை மனுசன். வடிவாய்ச் சுத்தித் தாங்கோ தம்பி, கலியாண நாள் பரிசு."