திட்டு வாங்கின ரயில்வே கேட்

முள்ளுக்காட்டுக்கு நடுவுல ஒரு ரயில்வே கேட் இருந்துச்சு. அது மூடினா பஸ்ஸு நிக்கும். நின்ன பஸ்ஸுல வெள்ளரிப் பிஞ்சு விக்க ஒருத்தி வந்தா. அவளப் பாத்து டீக்கடை, பஞ்சர் கடை, பரோட்டாக் கடைன்னு வந்து, கடைசில அது 'கேட்டடி'ங்கற பேருல ஒரு ஊராவே ஆகிப்போச்சு.

ஆனா கேட்டுக்குக் கெடைச்சதெல்லாம் திட்டுத்தான். டிரைவருங்க கத்துறத அது பக்கத்துல மேயுற வெள்ளாட்டுக்கிட்ட அப்படியே கத்திக் காட்டும். "பாம் பாம்! தொறந்து தொலை சனியனே! கேட்டியா தங்கச்சி? பொறந்ததுலேருந்து இதான் எனக்குத் தாலாட்டு."

ஒருநாள் மேம்பாலம் கட்ட ஆளுங்க வந்தாங்க. கேட்டுக்குத் தலகால் புரியல. "இனிமே எவனும் என்னயத் திட்ட மாட்டான்!"

"பஸ்ஸு நிக்கலேன்னா வெள்ளரித் தோலு எங்கண்ணே கெடைக்கும்?"ன்னு ஆடு கேட்டுச்சு.

"போடி, ஒனக்கு எப்பவும் வயித்து நெனப்புதான்!"

பாலம் வந்துச்சு. பஸ்ஸெல்லாம் மேலயே பறந்துருச்சு. கேட்ட இழுத்து மூடிப் பூட்டுப் போட்டுட்டாங்க. வெள்ளரிக்காரி வெறுங்கூடையத் தூக்கிட்டு நடந்தா. கடைங்களும் ஒண்ணொண்ணா மூடிக்கிச்சு. கடைசியா ஆடும், "வரேண்ணே"ன்னு தலையத் தொங்கப்போட்டுக்கிட்டுப் போயிருச்சு.

அப்புறம் ரொம்ப நாளு ஒரு சத்தமும் இல்ல.

ஒரு மத்தியானம், வழி தவறின லாரி ஒண்ணு வந்து நின்னுச்சு. டிரைவர் பூட்டப் பாத்தான். "சனியன் புடிச்ச கேட்டு!"ன்னு வண்டியத் திருப்பினான்.

கேட்டுக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப்போச்சு.

"ஐயா, போயிராதய்யா! இன்னும் ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போய்யா!"