ஹாஜியார் சொன்ன குறை

"சுமார்னி, இன்னிக்கு உப்பு தூக்கல்!"

நடுத்தெருவில் நின்றுகொண்டு ஹாஜி முஸ்தகிம் சொன்னார். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சுமார்னிக்குக் காது மடல் சிவந்தது. என்ன செய்வாள்? தெம்பே விற்கும் வண்டியே அவர் ஜகாத் தர்மமாகக் கொடுத்தது.

புருஷனை இழந்து, வீடு வீடாகத் துணி துவைத்துக்கொண்டிருந்தவளுக்கு அவர் பணமாகத் தரவில்லை. தள்ளுவண்டி, அடுப்பு, வாணலி என்று வாங்கித் தந்தார். "தெம்பே பொரிச்சு வித்துப் பிழைச்சுக்கோம்மா."

சோயா வில்லையை மாவில் முக்கிப் பொரிக்க ஜாவாவில், எங்கள் குடுஸ் நகரத்தில் யாருக்குத்தான் தெரியாது? ஆனால் ஹாஜியார் காலையில் காசு கொடுத்துப் பெரிய பொட்டலம் வாங்கிப் போவார். சாயந்திரம் குறையோடு வருவார்.

"மாவா இது, போர்வையா? உள்ளே தெம்பே தூங்குது!"

"மிளகாய்ச் சம்பல் யாருக்கு அரைச்சே, பல்லு முளைக்காத பிள்ளைக்கா?"

பள்ளிவாசல் கமிட்டி துக்கிமானுக்குப் பொறுக்கவில்லை. "ஜகாத் கொடுத்துட்டுச் சொல்லிக் காட்டினா நன்மையெல்லாம் போயிடும், ஹாஜியாரே!"

"வண்டியைப் பத்தியா சொன்னேன்? உப்பைப் பத்தித்தானே சொன்னேன்!"

சுமார்னி முணுமுணுத்துக்கொண்டே திருத்தினாள். கூட்டம் கூடியது. டிரைவர்கள் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தார்கள். ஒருத்தர் செமாராங் போகிற பஸ்ஸையே பயணிகளோடு எங்கள் சந்துக்குள் திருப்பிவிட்டார் என்றால் நம்ப வேண்டும். உதவிக்கு இரண்டு பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். நாடு எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று மந்திரி டிவியில் சொன்னார். நாங்கள் அதைச் சுமார்னி வாணலியின் அகலத்தில் பார்த்துக்கொண்டோம்.

நோன்புக்கு முந்தின வாரம், "மாவுல போட்ட வெங்காயத்தாள் வாடல்" என்றார் ஹாஜியார்.

அவ்வளவுதான். அவர் தொழுகைக்குப் போன நேரம், சுமார்னி வண்டியை அவர் வீட்டு வாசலுக்கே தள்ளிப் போனாள்.

"அக்கா, இந்தாங்க வண்டி! நான் துணியே துவைச்சுக்கறேன். உங்க வீட்டுக்காரர் நாக்குக்கு என்னால ஆகாது!"

ஹாஜியார் மனைவி சிரித்துவிட்டார்.

"அவர் நாக்கா? காய்ச்சல்ல விழுந்து எழுந்து மூணு வருஷமாச்சு, அதிலேருந்து உப்பும் தெரியாது, சர்க்கரையும் தெரியாது. தினம் பஸ் ஸ்டாண்டுல உன் தெம்பேயை டிரைவருங்களுக்கெல்லாம் சும்மா குடுத்துட்டு, 'இதுல என்ன குறை, சொல்லுங்கப்பா'ன்னு கெஞ்சிக் கேட்டுட்டு வர்றார்டி!"

சுமார்னி வண்டியைத் திருப்பினாள்.

மறுநாள் ஹாஜியார் நீட்டிய காசை அவள் வாங்கவில்லை.

"டிரைவருங்களுக்கு இன்னியிலேருந்து என் தர்மம், ஹாஜியாரே. குறையை மட்டும் மறக்காமக் கொண்டு வாங்க."