மேட்டுக்கு இந்தப் பக்கம்

தகரக் கூரையில் தடதடவென்று அடித்த ஆலங்கட்டி மழை சட்டென்று ஓய்கிறது. ஃபிர்மேன் தன் திராட்சைத் தோட்டத்துக்கு ஓடுகிறான். அறுவடைக்குச் சில வாரங்களே இருக்கின்றன. கறுத்த குலைகள் அப்படியே தொங்குகின்றன. ஓர் இலைகூடக் கிழியவில்லை. அவனுக்குச் சிரிப்பு பொங்குகிறது. சிரித்த முகத்தோடே மேடேறிப் பார்க்கிறான். மறுபக்கச் சரிவில், நண்பன் கஸ்பாரின் தோட்டம் வெறும் குச்சிகளாக நிற்கிறது. பிரான்ஸின் இந்தக் கஹோர் வட்டாரத்தில் ஆலங்கட்டி இப்படித்தான், ஒருவனை அடித்துவிட்டு அடுத்தவனை விட்டுவிடும்.

ஃபிர்மேன் அந்தச் சரிவில் இறங்குகிறான். வெயில் திரும்பிவிட்டது. சுண்ணாம்புக் கற்களுக்கிடையே பனிக்கட்டிகள் மினுங்குகின்றன. நசுங்கிய திராட்சையின் புளிப்பு வாசனை மூக்கில் ஏறுகிறது. டிராக்டர் படியில் உட்கார்ந்திருக்கும் கஸ்பாரின் நெற்றியில் ரத்தம் கசிகிறது. கையில் பாட்டில்.

“வாடா! என்ன, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கிற? போன வருஷத்து ஒயின். குடி. இந்த வருஷம்தான் நமக்கு லீவு விட்டாச்சே!”

குவளையில் மைபோல் கறுத்த ஒயின். இனிப்பு மருந்துக்கும் இல்லை. துவர்ப்பு நாக்கைக் கவ்விப் பிடிக்கிறது. கஸ்பார் தன் குவளையைத் தொடவே இல்லை. ஃபிர்மேனின் முகத்தையே பார்க்கிறான்.

“மேட்டுக்கு அந்தப் பக்கம் எப்படிடா? உன் கொடியாவது தப்பிச்சுதா?”

காதுமடல் சுட, ஃபிர்மேன் குவளைக்குள் குனிந்துகொள்கிறான்.

“எங்க தப்பிச்சுது... என்னோடதும் போச்சுடா, கஸ்பார்.”