மூடி திறந்திருந்தபோது

பெயரைச் சொன்னால் நாக்கு சுளுக்கும் ஏதோ ஒரு வாயுவைத்தான் சுபாஷினி ஆராய்கிறாள். காற்றில் அது இருப்பதே துளியூண்டு. வெயில் ஏறினால் அதுவும் சிதைந்துவிடுமாம். அன்று காலை மொட்டைமாடியில் காற்று மாதிரி பிடிக்க எஃகு உருளையின் மூடியைத் திறந்தவள், தன் மூச்சு உள்ளே கலந்துவிடாதிருக்க அதை அடக்கிக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துத்தானா பக்கத்து மாடிக்குத் துணி உலர்த்த வர வேண்டும் கோமளவல்லி?

"ஏம்மா சுபா, வீட்டுக்காரரு கோவிச்சிட்டுப் போயி மாசக்கணக்காச்சே. வருவாரா, மாட்டாரா?"

சுபாஷினிக்குக் கண் பிதுங்கியது. கையை மட்டும் ஆட்டினாள்.

"வாயே தொறக்க மாட்டேங்கிறியே! அப்ப, மாட்டாருதானே?"

ஈரப் புடவையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, தெருவுக்குச் சொல்ல ஓடினாள் கோமளவல்லி.

உருளை நிறைந்ததும் சுபாஷினி மூடியைத் திருகிவிட்டுக் கைப்பிடிச் சுவருக்குப் பாய்ந்தாள். கீழே நாலைந்து முகங்கள் அண்ணாந்து காத்திருந்தன.

"அவரு..." என்று வாயெடுத்தவள், மறுபடியும் மூச்சை அடக்கிக்கொண்டாள். உருளை மூடித்தான் இருந்தது.