எறும்புக்கு இடமில்லை

“எறும்புக்கு எங்க படகுல இடம் கிடையாது!” என்று துறைமுகப் படிக்கட்டு அதிரக் கத்தினார் படகுச் சங்கத் தலைவர் டிகரி பாஸ்கோ.

கோடையில் வந்து மணலெல்லாம் மொய்க்கும் வெளியூர்க்காரர்களுக்கு அந்தக் கார்ன்வால் கரையில் எறும்பு என்றுதான் பெயர். லவ்டேக்கு அந்தப் பட்டம் புதிதல்ல. ஆற்றுக்கு அக்கரையில், ட்ரெகாத்தில் பிறந்தவள் அவள். இக்கரையில் இருக்கும் போல்வென்னுக்கு வந்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது.

இரண்டு ஊருக்கும் படகுப் போட்டி தொடங்க இன்னும் அரை மணி நேரம்தான். போல்வென் படகுக்குச் சுக்கான் பிடிக்க வேண்டியவன் காலையில் பாசியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டான். ஆறு துடுப்புக்காரர்களும் படகில் தயாராக உட்கார்ந்து, கரைச் சண்டைக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தலைவரே, ஆத்து வாயில இருக்கிற ஒவ்வொரு பாறையும் லவ்டேக்கு அத்துப்படி,” என்று கெஞ்சினான் சங்கச் செயலாளர் ஜேகோ. “அஞ்சு வருஷமாத் தோத்துக்கிட்டிருக்கோம். ஜெயிச்ச ஊருக்குப் பழைய கப்பல் மணி. அதை அவனுங்க பப்புல தொங்கவிட்டு, நம்மாளு யாரு உள்ள போனாலும் அடிச்சு அடிச்சுக் காட்டுறானுங்க. மானம் போகுது!”

“அதுக்காக ட்ரெகாத்துக்காரி கையில சுக்கானா? அவங்க படகுக்குச் சுக்கான் பிடிக்கிறவன் யாரு? இவ தம்பி! பாசத்துல விட்டுக்கொடுத்துட மாட்டாளா?”

“பாசமா?” லவ்டேக்குச் சுருக்கென்றது. “பொம்பளைக்கு எதுக்குச் சுக்கான்னு சின்ன வயசுலயே என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தவன் அவன். ஒரு தடவையாவது அவனை முந்தணும்னு இத்தனை வருஷமாத் தவம் கிடக்கேன்.”

“தவத்தை அக்கரையில போய்ப் பண்ணு. சுக்கானை நானே பிடிச்சுக்கிறேன்.”

“போன வருஷம் பிடிச்சீங்களே! அந்தப் பாறை இன்னும் உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டிருக்கு.”

வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். டிகரியின் முகம் வெந்த நண்டாகச் சிவந்தது. சட்டைப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை உருவினார்.

“நாலாவது விதி. அப்பா, அம்மா ரெண்டு பேருமே போல்வென்ல பிறந்திருக்கணும். போன மாசம் நானே எழுதிச் சேர்த்தது!”

“சுக்கான் பிடிக்கிறவங்களுக்கு மட்டுமா?” என்று லவ்டே மெதுவாகக் கேட்டாள்.

“படகுல உட்கார்ற அத்தனை பேருக்கும்!”

ஜேகோ அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். “தலைவரே, உங்க நல்லதுக்குச் சொல்றேன், அவசரப்பட்டு வாயை விடாதீங்க.”

“கையை விடுடா! இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு ஊரே எறும்புப் புத்தாயிடும். யாரா இருந்தாலும் விதி விதிதான்!”

முப்பத்திரண்டு வருஷம் இந்த ஊர் மீனைக் கழுவியாயிற்று, இந்த ஊர்ச் சாவுக்கெல்லாம் அழுதாயிற்று, இன்னும் எறும்பு. லவ்டேக்கு வலித்தது. ஆனால் வலித்தால் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற ஆளில்லை அவள்.

“சரி தலைவரே, விதிப்படியே நடக்கட்டும்,” என்றாள். படி விளிம்புக்குப் போய், படகைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“டேய் பெட்ராக், ஜோரி, மெரின், கிட்டோ! நாலு பேரும் இறங்கி வாங்கடா. எறும்பு பெத்த பிள்ளைங்க அந்தப் படகுல உட்காரக் கூடாதுன்னு உங்க அப்பா சொல்லிட்டார்!”