ஒரு சாண் ஜன்னல்

ஜன்னல் பழுது பார்க்க வந்த மோரக் மெல்லிய கத்தியை அதன் ஓரத்தில் செருகி, மேலிருந்து கீழ்வரை பெயின்டைக் கீறினாள். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை.

எடின்பரோவில் மேலும் கீழும் ஏறி இறங்குகிற இந்த மர ஜன்னல்களுக்கு மொத்தம் மூன்றே வியாதிதான். பெயின்ட் ஒட்டியிருக்கும், கயிறு அறுந்திருக்கும், இல்லாவிட்டால் மரம் ஊதியிருக்கும். இருபது வருடத் தொழிலில் நான்காவது ஒன்றை அவள் பார்த்ததில்லை.

"பதினோரு வருஷமா இப்படியே கெடக்கு. எப்படியாவது தொறந்து குடுத்துரும்மா," என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரம்மா எஃபி தேநீர் போடப் போனாள். எழுபத்தைந்து வயது. நடைக்கு மட்டும் இருபத்தைந்து.

அவள் கணவர் டூகல் ஜன்னலடிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்தார். மோரக் வந்ததிலிருந்து அவர் ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை.

கீழ்ச்சட்டத்தின் மூலையில் மோரக்கின் விரலில் ஏதோ இடறியது. சுரண்டினாள். பெயின்ட் உதிர்ந்தது, அதன் அடியில் பட்டி உதிர்ந்தது, அதற்கும் அடியில் ஒரு திருகாணித் தலை. மறு மூலையிலும் ஒன்று.

"பாத்துட்டியா," என்றார் டூகல், சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொண்டு. "மரம் உளுத்துப்போச்சு, தொறக்காதுன்னு சொல்லிரும்மா."

மோரக் சிரிப்பை அடக்கினாள். "எதுக்குங்க?"

சனிக்கிழமைதோறும் எஃபி கண்ணாடி துடைப்பாளாம். அந்தக் காலத்து வழக்கப்படி கால் வீட்டுக்குள், மற்றதெல்லாம் தெருவுக்கு மேல். மூன்றாம் மாடி. ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்தபடியே எதிர்வீட்டுக்காரியோடு அரட்டை வேறு.

டூகல் நாற்பது வருடம் கூரை ஓடு வேய்ந்தவர். கூட நின்றவர்கள் இரண்டு பேர் விழுந்ததைப் பார்த்தவர். வெள்ளிக்கிழமை வந்தாலே அவருக்குத் தூக்கம் போய்விடும். சொன்னால் அவள் சிரிப்பாள். அதனால் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில் இரண்டு திருகாணியை முடுக்கிக் காரியத்தை முடித்துவிட்டார்.

இதைச் சொல்வதற்குள் அவருக்கு நான்கு முறை மூச்சு வாங்கியது.

மோரக் யோசித்தாள். பிறகு திருகாணிகளைக் கழற்றினாள், பழைய கயிற்றை மாற்றினாள், ஓரங்களில் மெழுகு தேய்த்தாள். கடைசியாக இரண்டு பக்கமும் சட்டத்துக்கு மேலே ஒவ்வொரு கட்டையை இறுக்கிப் பொருத்தினாள்.

"ஒரு சாணுக்கு மேல ஏறாது. பூனை போகலாம், உங்க வீட்டம்மா போக முடியாது."

டூகல் முதல் முறையாகப் பேப்பரில் பக்கம் திருப்பினார்.

எஃபி தேநீரோடு வந்தாள். ஒரு விரலால் ஜன்னலைத் தூக்கினாள். அது வெண்ணெயில் வழுக்குவதுபோல ஏறி, ஒரு சாணில் நின்றது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா," என்றாள் மோரக், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

"போதும்," என்றாள் எஃபி.

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று மோரக் நினைக்கவில்லை.

மோரக் கருவிப்பெட்டியோடு கிளம்பியபோது எஃபியும் வாசலுக்கு வெளியே கூடவே வந்தாள். கதவை வெளியிலிருந்து சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஸ்க்ரூவ முடுக்கத் தெரிஞ்ச மனுஷனுக்கு மறைக்கத் தெரியல. ரெண்டும் பளபளன்னு தெரிஞ்சுது. நான்தான் பட்டி வச்சு, மேல பெயின்ட் பூசினேன்."

மோரக் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைலேர்ந்து வெள்ளிக்கிழமையெல்லாம் நிம்மதியாத் தூங்குறார். எனக்கு அது போதும்னு விட்டுட்டேன்."

"அப்புறம் இப்ப எதுக்கும்மா தொறக்கச் சொன்னீங்க?"

எஃபி மூடிய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவர் தலைமாட்டுல எப்பவும் காத்து வந்துட்டு இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டார். எங்கிட்ட மட்டும்தான் சொன்னார்."